இணைச்சீருக்கு ஏழு நிபந்தனைகள்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வருடத்துக்கு ஒரு முறை எனக்குப் பேச வாய்ப்பு வரும். வரும் என்றால், தலைவியம்மா தலைப்பு எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார். முடியாது என்று நாம் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த ஆளிடம் நின்றுகொண்டிருப்பார். போன வருடம் எனக்கு வந்த சீட்டில் 'புதிய உடன்படிக்கை, இருபது நிமிடம்' என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்பாடா, இந்த முறை நமக்குத் தெரிந்த சமாச்சாரம் என்று நினைத்தேன்.

ஏனென்றால் என் பிழைப்பே உடன்படிக்கைதான். கோயம்புத்தூரில் கம்ப்ரசர் செய்கிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இயந்திரம் வாங்கியவர்களோடு போடுகிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தங்களைத் தயார் செய்வது என் மேசை. முதல் தரப்பு இன்னின்னது செய்ய வேண்டும், இரண்டாம் தரப்பு இன்னின்னது செய்ய வேண்டும், வாடிக்கையாளர் தானாக மூடியைத் திறந்து பார்த்தால் ஒப்பந்தம் செல்லாது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிற அத்தனையும் நான் அடித்ததுதான். சண்டை என்று யாராவது போன் செய்தால் எந்தப் பக்கத்து எந்த ஷரத்தைக் காட்டி வாயடைப்பது என்று எனக்கு மனப்பாடம்.

வீட்டிலும் இந்தப் புத்தி போகவில்லை. மகளுக்கு முதன்முதலில் செல்போன் வாங்கிக் கொடுத்தபோது ஒன்பது ஷரத்து எழுதிக் கையெழுத்து வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அவள் கையெழுத்துக்குக் கீழே 'கட்டாயத்தின் பேரில்' என்று எழுதியிருந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். என் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்.

ஆகவே குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. பழைய உடன்படிக்கை: மலை, கற்பலகை, கட்டளைகள். ஜனங்கள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார்கள், கொஞ்ச நாளிலேயே மீறினார்கள். அதாவது வாடிக்கையாளர் மூடியைத் திறந்துவிட்டார், ஒப்பந்தம் செல்லாது. புதிய உடன்படிக்கை: இயேசுவின் மூலமாகப் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம், திருத்திய ஷரத்துகளுடன். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். இனி அந்தத் திருத்திய ஷரத்துகள் என்னென்ன என்று பார்த்து வரிசைப்படுத்த வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புதிய உடன்படிக்கை வரும் என்று பழைய தீர்க்கதரிசி சொல்லும் பகுதியை எடுத்து வாசித்தேன். நான் என் கட்டளையை அவர்கள் நெஞ்சில் எழுதுவேன், நான் அவர்களுக்குத் தேவனாயிருப்பேன், நான் அவர்கள் அக்கிரமத்தை மன்னிப்பேன், அவர்கள் பாவத்தை இனி நினைக்கமாட்டேன் என்ற பொருளில் போகிறது. எல்லாம் நான், நான் என்றே இருக்கிறது. முதல் தரப்பின் கடமைகள் பட்டியல் முடிந்தது. இரண்டாம் தரப்பின் கடமைகள் எங்கே? பக்கத்தைத் திருப்பினேன். முன்னால் போனேன், பின்னால் வந்தேன். எபிரெய விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தில் அதே பகுதி மறுபடியும் வருகிறதே, அங்கே சேர்த்திருப்பார்கள் என்று தேடினேன். அங்கேயும் காணோம்.

என் கணவர் பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பொறுப்பாளர். தாராபுரத்துக்காரர், நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். இந்த மாதிரி விஷயங்கள் எல்லாம் பிறக்கும்போதே தெரிந்தவர் போல ஒரு முகம் வைத்திருப்பார். அன்று கூடத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுல ரெண்டாம் தரப்பு என்ன செய்யோணும்னு எங்கயுமே போடலீங்களே?"

"டைப் பண்றவங்க உட்டுப்போட்டிருப்பாங்க. திருப்பி அனுப்பிச்சுரு" என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் போதகருக்குப் போன் செய்து கேட்டேன். அவர் நல்ல மனிதர். அவருக்கு எந்தக் கேள்வியும் மூன்று குறிப்புகளாகத்தான் காதில் விழும். கிருபை, கீழ்ப்படிதல், கனி என்று மூன்றும் ககரத்தில் தொடங்குமாறு சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனம் கொடுத்தார். எழுதிக்கொண்டேன். ஆனால் என் கேள்விக்குப் பதில் அதில் இல்லை என்பது போனை வைத்த பிறகு உறைத்தது.

இன்னும் தோண்டினேன். தோண்டுவது எனக்குப் பிடிக்கும். பக்கத்து ஓரக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனதில் அந்த ஜனங்களின் முற்பிதாவின் கதையில் போய் நின்றேன். அந்தக் காலத்தில் இரண்டு பேர் உடன்படிக்கை செய்தால் மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிராக வைத்து, நடுவே இருவரும் நடந்து போவார்களாம். மீறினால் இந்த மிருகத்தின் கதி எனக்கு என்று அதற்குப் பொருள். முற்பிதாவும் தேவன் சொன்னபடி அப்படியே பிளந்து வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருக்கிறார். கழுகுகள் வர, விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சூரியன் சாய்கிறது. அவருக்கு அயர்ந்த தூக்கம் வந்துவிடுகிறது. அவர் கிடந்து தூங்கும்போது புகையும் நெருப்பும் மட்டும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து போகின்றன. தேவன் ஒருவரே நடந்தார். மனிதன் நடக்கவே இல்லை.

நான் இதைச் சிறுமியாக ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்தவள் இல்லை. அதனால்தானோ என்னவோ, நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன். ஒரு தரப்பு தூங்குகிறது, கையெழுத்தே இல்லை. எங்கள் சட்டப் பிரிவுக்கு இப்படி ஒரு தாள் போனால் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். இது என்ன ஒப்பந்தம்?

அந்த வாரத்தில்தான் தம்பி கூப்பிட்டான்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம் எங்களுடையது. படிப்பு முடித்துக் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி வேலை பார்த்தபோது நான் கிறிஸ்தவத்துக்கு வந்தேன். கல்யாணத்துக்காக மாறினாள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது பொய். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம் கழித்துத்தான் என் கணவரையே பார்த்தேன். ஆனால் கல்யாணம் என்று ஒன்று நடந்தபோதுதான் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்தது. "இந்த ஊட்டுல ஒரு புள்ள இருந்துச்சு. இனி இல்லை" என்று வாசலில் நின்று சொன்னார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. பதினாறு வருடம் ஆகிறது. அவர் இறந்தே ஆறு வருடம் ஆகிறது. இழவுக்குப் போனபோதும் பந்தலில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஓரமாகத்தான் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார், அழுதார், கூப்பிடவில்லை. அப்பா போன பிறகாவது அம்மா ஒரு நாள் என் வீட்டுப் படி ஏறுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை முழுதாகத் தீரவில்லை, மறைப்பானேன்.

தம்பி மட்டும் விட்டுப் போகவில்லை. மாதம் ஒரு முறை இளநீர் வண்டியோடு நகரத்துக்கு வரும்போது எட்டு இளநீரை என் வீட்டில் இறக்கிவிட்டு, நின்றுகொண்டே காபி குடித்துவிட்டுப் போவான். அவனுக்கு முப்பத்தேழு வயது. தோப்பும் டிராக்டரும் இருந்து என்ன, இந்தக் காலத்தில் விவசாயம் பார்க்கிற பையனுக்கு எங்கள் பக்கம் யாரும் பெண் கொடுப்பதில்லை. பத்து வருடம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் தாராபுரம் பக்கம் ஒரு பெண் அமைந்துவிட்டது.

"அக்கா, ஆவணியில முகூர்த்தமுங்க" என்றான். குரலில் அவ்வளவு வெட்கம். "இணைச்சீருக்கு நீங்கதான் ஒக்காரோணும்."

போனோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இணைச்சீர் என்பது கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தன் உடன்பிறந்தாளுக்குச் செய்கிற சீர். அவளுக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து, மணப்பெண்ணைப் போலவே அலங்கரித்து, தன் பக்கத்தில் உட்கார வைப்பான். மணப்பெண்ணுக்கென்று எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை இவள் கையில். நாளைக்கு இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்கு வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறிய அவன் சொல்வதாக அர்த்தம். யார் அந்த இடத்தில் உட்காருகிறாளோ அவள்தான் அந்த வீட்டுப் பெண். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா மகள் யாராவது உட்காருவாள். எங்கள் பெரியப்பா மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் உட்கார்ந்தால் அப்பா வாசலில் நின்று சொன்னது ஊர் நடுவே ஒரு முறை உறுதியாகிவிடும்.

"என்னைய எதுக்குக் கூப்புடறே? பெரியப்பா பொண்ணுதான் இருக்கறாளே" என்றேன்.

"அவிங்க பெரியப்பா பொண்ணுங்க. நீங்கதானே என்ற அக்கா."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்ததும் என் வேலைப் புத்தி வந்துவிட்டது. போவதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. எந்த நிபந்தனையின் பேரில் போவது என்றுதான் யோசித்தேன். போதகரிடம் கேட்டேன். "ஜெபித்து முடிவெடுங்கம்மா" என்றார். என்னை இதில் மாட்டிவிடாதீர்கள் என்பதைப் போதகர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சரி, நாமே எழுதிவிடலாம் என்று மறுநாள் மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து, எண் போட்டு, ஏழு ஷரத்துகளைத் தம்பியின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன்.

விபூதி பூசிக்கொள்ள மாட்டேன். எந்தச் சாமியையும் கும்பிட மாட்டேன். படைத்ததைச் சாப்பிட மாட்டேன். என் கணவரும் மகளும் முன்வரிசையில் உட்கார வேண்டும். அம்மா நேரில் என் வீட்டுக்கு வந்து, தன் வாயால் அழைக்க வேண்டும். என் கல்யாணத்தைப் பற்றி உறவுக்காரர் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. குடும்பப் போட்டோவில் நாங்கள் மூன்று பேரும் இருக்க வேண்டும். கடைசியில், மேற்கண்டவற்றில் எது மீறப்பட்டாலும் சீரின் நடுவிலேயே எழுந்து போய்விடுவேன் என்று ஒரு வரி. முதல் மூன்றும் ஆண்டவருக்காக எழுதினேன். மீதி நான்கும் எனக்காக. அனுப்பும்போது எனக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை, ஏழும் விசுவாசத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கெடுத்துக்கொண்டேனோ என்று ஒரு பக்கம், கொள்கை என்று ஒன்று வேண்டாமா என்று மறுபக்கம். ஐந்தாம் நாள் காலையில் செய்தி வந்தது. 'அக்கா, ப்ளவுஸ் அளவு அனுப்புங்க.' அவ்வளவுதான். ஏழு ஷரத்துக்கும் அதுதான் பதில். ஒத்துக்கொண்டானா, இல்லை படிக்கவே இல்லையா? கேட்கலாம்தான். கேட்டு அவன் 'முடியாதுங்க' என்று சொல்லிவிட்டால்? கேட்காமல் ஒரு பழைய ப்ளவுஸை அளவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். தூங்கிப்போன முற்பிதாவைச் சொன்னேன், இரண்டாம் தரப்பே இல்லாத உடன்படிக்கை என்றேன். நாம் வாக்குக் கொடுத்து நாம் மீறியது பழையது, அவர் வாக்குக் கொடுத்து அவரே தம் இரத்தத்தால் நிறைவேற்றியது புதியது, அதனால்தான் கடைசி இராப்போஜனத்தில் பாத்திரத்தை எடுத்து அது புதிய உடன்படிக்கை என்று சொல்லிச் சீஷர்களுக்குக் கொடுத்தார் என்றேன். தலைவியம்மா தலையாட்டினார். ஆனால் இறங்கி வந்து சுண்டலும் டீயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு குறுகுறுப்பு. ஓட்டிப் பார்க்காத இயந்திரத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்து தள்ளிவிட்ட விற்பனைப் பிரதிநிதியைப் போல இருந்தது. இப்படி ஒரு உடன்படிக்கை மனிதர்களுக்குள் எங்கே நடக்கும்? நடக்காது என்றால் அதைப் புரிந்துகொண்டேன் என்று நான் எப்படிச் சொல்வது? டீ ஆறிப்போகும்வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அழைக்க வரவில்லை. தம்பிதான் பத்திரிகையோடும் சேலையோடும் வந்தான். மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. என் கணவருக்கு வேட்டி சட்டை, மகளுக்குப் பாவாடை தாவணி. நிபந்தனைகளைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் போன பிறகு, "அஞ்சாவது ஷரத்து அவுட்டு" என்று கணவரிடம் சொன்னேன். "அப்பப் போகலியா?" என்றார். "போலாம், போலாம்" என்றேன். சேலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லாமல் வேறென்ன சொல்வது.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மண்டபம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர். நாங்கள் உள்ளே நுழைந்ததும் நாலைந்து தலைகள் திரும்பின, குசுகுசு என்று பேச்சு எழுந்து அடங்கியது. முன்வரிசை முழுக்கப் பெரியப்பா குடும்பம் அடைத்துக்கொண்டிருந்தது. என் கணவரும் மகளும் ஆறாவது வரிசையில் மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். அலங்கார அறையில் ஒரு அத்தை என்னைப் பார்த்து, "அந்தக் காலத்துலயே சொந்தத்துல கட்டியிருந்தா இத்தனை கஷ்டமில்ல பாரு" என்றார். நான்காவது போயிற்று, ஆறாவது போயிற்று. எழுந்து போய்விடுவேன் என்று எழுதியவள் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு அம்மா உள்ளே வந்திருந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, சேலைக் கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவிச் சரிசெய்தார். எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்புறம் போய்விட்டார்.

மேடையில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் என் பலகை. சீரை நடத்துகிறவர் எங்கள் பக்கத்து வழக்கப்படி அருமைக்காரர். அவர் பூசாரி இல்லை, சொந்தத்திலேயே வயதான, குடும்பம் நிறைந்த ஒரு பெரியவர். மூங்கில் கூடையில் கூறைச்சேலை, குத்துவிளக்கு, வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார். நான் போய் உட்கார்ந்தேன். பதினாறு வருடத்துக்குப் பிறகு ஊரார் முன்னால் என் வீட்டாரோடு உட்காருகிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அருமைக்காரர் தம்பிக்கு விபூதி பூசினார். என் பக்கம் கை வந்தது. என் நெற்றியைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கினார், கையை இழுத்துக்கொண்டார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "அம்மணி, மொதல்ல புள்ளையாரை ஒருக்கா கும்புட்டுக்கோங்க" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாப் பெண்களிடமும் சொல்வதைச் சொன்னார். என் கைகள் மடியிலிருந்து எழவில்லை. கும்பிட்டால் நான் இத்தனை வருடம் எதை நம்பி வீட்டை இழந்தேனோ அது என்ன ஆகும்? கும்பிடாவிட்டால் தம்பியின் சீர் கெட்டுவிட்டது என்பார்கள், பத்து வருடம் கழித்து அமைந்த கல்யாணம். முன்வரிசையில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். பெரியப்பா மகள் பட்டுச்சேலையில் தயாராக உட்கார்ந்திருப்பது என் கண்ணில் பட்டது. யாரோ அவளைத் தயாராக இருக்கச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள்.

தம்பி அருமைக்காரரைப் பார்த்து, "அக்காளுக்கும் சேத்து நானே கும்புட்டுக்கறனுங்க" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டும் என்று கேட்பது போலச் சொன்னான். கைகூப்பி ஒரு முறை கும்பிட்டான். கையை இறக்கினான். மறுபடியும் கூப்பி, இன்னொரு முறை கும்பிட்டான். இரண்டாவது கும்பிடு முதலாவதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அக்காவுக்கு வேண்டிக்கொள்ள நிறைய இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

அருமைக்காரர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய அனுபவத்தில் இப்படி ஒன்று நடந்திருக்காது. "செரி, ஆகட்டும்" என்று கூறைச்சேலையை எடுத்து, ஒரு முனையை அவன் கையிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்காக இன்னொருவன் பிள்ளையாரைக் கும்பிட்டால் அது யார் கணக்கில் போகும்? வேறு தேவர்கள் உனக்கு வேண்டாம் என்கிற முதல் கட்டளையை ஆள் வைத்து மீறியதாகுமா? போதகரிடம் கேட்டால் மூன்று குறிப்பு சொல்வாரா, ஜெபிக்கச் சொல்வாரா? இதற்கு எனக்கு அன்றும் விடை தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆனால் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. இந்தச் சீரில் எனக்கென்று இருந்த ஒரே கடமையை நான் செய்யவில்லை. இரண்டு பேர் பங்கையும் அவன் ஒருவனே செய்துவிட்டான். ஆனாலும் சீர் நடந்துகொண்டிருக்கிறது, நான் அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

சீர் முடிந்ததும் போட்டோ எடுப்பதற்காக மேடையிலேயே எங்களை நிறுத்தி வைத்தார்கள். போட்டோகிராபர் விளக்கைச் சரிசெய்யும் வரை இரண்டு நிமிடம் கிடைத்தது. அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நான் அனுப்பிச்ச லிஸ்டைப் படிச்சியா, இல்லியா?"

"படிச்சனுங்க. ரெண்டு வாட்டி படிச்சேன்."

"அப்பறம் ஏன் ஒரு பதிலும் போடலே?"

மாலையைச் சரிசெய்துகொண்டே, "அதுல பாதி என்ற கையில இல்லீங்கக்கா" என்றான். "அம்மாளைக் கூட்டியாரப் பாத்தேன், முடியல. பெரியப்பனை முன்னால ஒக்காராதீங்கன்னா கேப்பாரா? அதுக்காக நீங்க இல்லாமப் போயிருவீங்களா? நான் உங்களைக் கூப்புடறதுக்கு முன்னாலயே அம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன், அந்தப் பலகையில வேற ஆரையும் ஒக்கார வெக்கறதில்லைன்னு."

"நான் வராமயே இருந்திருந்தா?"

"பலகையைப் போட்டு, சேலை முனையை அதுமேல வெச்சுப்போட்டு, நான் பாட்டுக்கு ஒக்காந்திருப்பனுங்க" என்றான். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தான். "நீங்க வந்தாலும் வராட்டியும் அது உங்க எடந்தானுங்களே?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். விம்மி, மூக்கை உறிஞ்சி, ஊரே பார்க்கும்படி அழுதேன். பதினாறு வருடமாக அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக என்னவெல்லாம் செய்ய வேண்டும், அவர்கள் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று மனத்துக்குள் எண் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். என்னைக் கேட்காமலே, நான் ஒரு வார்த்தை சொல்வதற்கும் முன்பே, ஒருவன் எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கிறான். புகையும் நெருப்பும் கடந்து போனபோது தூங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் விழித்ததும் என்ன செய்திருப்பார் என்று வேதத்தில் எழுதவில்லை. இப்படித்தான் அழுதிருப்பார்.

"அக்கா, அழுவாதீங்க, போட்டோவுல மூஞ்சி நல்லா வராது" என்றான் தம்பி.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறாவது வரிசையைப் பார்த்துக் கையசைத்தேன். என் கணவரும் மகளும் தயங்கித் தயங்கி எழுந்து மேடையை நோக்கி வந்தார்கள். படியருகே நின்றிருந்த அம்மா விலகி வழிவிட்டார்.